ஜூஸ், பதினேழு முறை

டொலீடோ நகர நீதிமன்றத்தின் பின்புறம்
ஜன்னல் இல்லாத அறை என்னுடையது.
காதில் ஹெட்போன், காலடியில் மிதிகட்டை.
மிதித்தால் ஓடும், விட்டால் நிற்கும்
அடுத்தவர் பேச்சு.
கேட்டதைக் கேட்டபடி தட்டுவேன்.
பொருள் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

இந்த வாரம் லென்னி ப்ரூட்டின் தொலைபேசி.
பிப்ரவரியில் ஒன்பது நாள் ஒட்டுக்கேட்டது.
பதினேழு முறை ஜூஸ் என்கிறான்,
அல்லது அவனிடம் யாரோ சொல்கிறார்கள்.
துப்பறியும் ஹார்மன் ஒவ்வொன்றின் கீழும்
சிவப்புக் கோடு இழுத்து
ஓரத்தில் ஒரே பொருள் எழுதியிருக்கிறார்:
போதைச் சரக்கு.
எவ்வளவு சுலபமான அகராதி.

முதலாவது, பெட்ரோல் நிலையத்தில்.
"பத்து டாலருக்கு ஜூஸ் ஊத்து, போதும்."
பின்னால் ஏரிக்காற்று இரைகிறது.
பத்து டாலரில்
எந்த எல்லையைத் தாண்டிவிட முடியும், ஹார்மன்?

நான்காவதைத் தம்பி சொல்கிறான்:
"வீட்ல ஜூஸை வெட்டிட்டாங்க."
அப்புறம் ஆறு நிமிடம் இருட்டில் பேசுகிறார்கள்.
இருட்டு பதிவாகாது என்பார்கள். ஆகும்.
குளிர்பெட்டி முனகாத வீட்டில்
குரல்கள் தாமாகவே தணிந்துவிடும்.

ஏழு, எட்டு, ஒன்பது: சாண்டோர் கோச்சிஷ்.
அந்தக் குரலுக்கு அவசரமே கிடையாது.
"அசல் கிடக்கட்டும் லென்னி.
வெள்ளிக்கிழமை ஜூஸ் வந்துடணும்."
வாரத்துக்கு நூற்றுக்குப் பத்து.
அசல் மலைபோல் அப்படியே நிற்க
அடியில் ஒருவன் சொட்டிக்கொண்டே இருக்கிறான்.
பிழிபவர்கள் கை கழுவிக்கொள்ளலாம்.
சக்கை மட்டும்
"பார்க்கிறேன் சாண்டோர், பார்க்கிறேன்" என்கிறது.

பிறகு யாரோ ஒருத்தியிடம் கெஞ்சல்:
"உன் அண்ணனுக்கு நகரசபையில ஜூஸ் உண்டே,
ஒரு வார்த்தை போடச் சொல்லேன்."
அண்ணனுக்குப் போன வருஷமே வேலை போய்விட்டதாம்.
அவள் அதைச் சொல்லிவிட்டு
வானிலை பற்றிப் பேசுகிறாள்.

உடற்பயிற்சிக்கூடத்து நண்பன் ஒருவன்:
"அவன் கழுத்தைப் பார்த்தியா?
ஜூஸ் ஏத்தாம அப்படி வருமா?"
அடைப்புக்குறிக்குள் சிரிப்பு என்று போட்டேன்.
ஒன்பது நாளில் அது ஒன்றுதான்.

பதினைந்தில் என் கால் தானாக நின்றது.
"நான் ஜூஸைத் தொட்டு நாலு மாசமாச்சு."
வால்ட்டரும் இப்படித்தான் மாதம் எண்ணுவான்.
ஏழுக்கு மேல் எண்ணத் தெரியாது அவனுக்கு.
எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வந்து
மீண்டும் மிதித்தேன்.

பதினாறு:
"போன்ல ஜூஸ் தீரப்போகுது, சீக்கிரம் சொல்..."
சொல்லவில்லை.

பதினேழு. சனிக்கிழமை, காலை ஐந்து நாற்பது.
சாண்டோர் லைனில் இருக்கிறான்.
லென்னி ஏதோ ஆரம்பிக்கிறான்.
கதவு கிறீச்சிடுகிறது, வெறுங்கால் தரையில் ஒட்டும் சத்தம்,
தூக்கம் கலையாத ஒரு குரல்:
ஜூஸ்.

அவ்வளவுதான். அதன் கீழும் சிவப்புக் கோடு.

போனை எங்கோ வைக்கிறான்.
குளிர்பெட்டி திறக்கிறது. ஊற்றுகிறான்.
கண்ணாடித் தம்ளரைப் பற்களால் கடித்துக்கொண்டே
குடிக்கும் பிள்ளை அது.
திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டேன்,
இதற்காக அல்ல,
இதற்கும் அடியில் இருந்த இன்னொன்றுக்காக:
குளிர்பெட்டி முனகுகிறது.

வெள்ளிக்கிழமைப் பணம்
எங்கே போயிற்று என்று எனக்குத் தெரிந்துவிட்டது.
சாண்டோருக்கு இன்னும் தெரியாது.

பேசுபவர் அடையாளம் தெரியவில்லை
என்றுதான் விதிப்படி தட்ட வேண்டும்.
தட்டினேன். அழித்தேன்.
சிறுமி, மூன்று வயது இருக்கலாம் என்றேன்.
திரவம் ஊற்றும் ஓசை என்றேன்.
குளிர்பெட்டி ஓடுகிறது என்றும் சேர்த்தேன்,
யாரும் கேட்காமலே.

மேசைமேல் கிடக்கும் போனிலிருந்து
சின்னதாக, பொறுமையாக, சாண்டோர்:
"லென்னி. நான் இங்கேதான் இருக்கேன்."

மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தேன்.